கொழுப்பை ஏன் வெட்டினாய்?

வணக்கம் ரீச்சர்,

உங்கள் சமையல் எழுத்துகளை விடாமல் வாசிப்பவள் நான். மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருக்கிறேன். போன ஞாயிறு பன்றியின் தோள்பக்கத்து இறைச்சி இரண்டு கிலோ வாங்கினேன். கொலஸ்ட்ரோல் பயத்தில் கொழுப்பை எல்லாம் ஒட்ட வெட்டி எறிந்துவிட்டு, சுடுதண்ணீரில் நாலைந்து தரம் கழுவி, தேங்காயெண்ணெயில் வதக்கி, ஹங்கேரிக்காரர் மாதிரி பப்ரிக்கா போட்டு முக்கால் மணித்தியாலம் அவித்தேன். தும்பு மாதிரி வந்தது. நத்தாருக்கு அண்ணாவின் கூட்டாளிமார் சாப்பிட வருகிறார்கள். தோள் இறைச்சிக்கு எந்த நாட்டுச் சமையல் பொருந்தும்? மெக்சிக்கோவா, கோவாவா, பிலிப்பைன்ஸா? பன்றிக் காய்ச்சல் வந்த பிறகு வாங்கலாமா? அம்மா அடுக்களைக்குள் பன்றியை விடமாட்டா, பின்வளவில்தான் சமைக்க வேண்டும். இந்தக் காலத்திலும் இப்படியா? வருகிறவர்களில் ஒருவர் காத்தான்குடி முஸ்லிம். அவருக்கு மட்டும் கோழி வைக்கலாம் என்று இருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள மகள்,

இறைச்சிக்கடையில் எனக்கு முன்னால் நிற்கிற ஆள் "கொழுப்பை எடுத்துப்போட்டுத் தாங்க" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வாய் துருதுருக்கும். அடக்கிக்கொண்டு வந்துவிடுவேன். உன் கடிதத்தை வாசித்த பிறகு அடக்க முடியவில்லை.

காய்ச்சல் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 2024 கடைசியில் இங்கே பரவியது ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல். அது பன்றியைக் கொல்லும், மனிதருக்குத் தொற்றாது. சுகாதாரப் பரிசோதகர் பார்த்த இறைச்சியைத் தெரிந்த கடையில் வாங்கி, நன்றாக அவித்துச் சாப்பிடு.

அம்மாவைப் பற்றி இன்னொரு முறை இப்படி எழுதாதே. அடுக்களை அவவுடையது. சாமி விளக்கு வைக்கிற வீட்டில் புறம்பாக ஒரு சட்டி, புறம்பாக ஒரு அடுப்பு என்று பின்வளவில் இடம் விட்டிருக்கிறாவே, அது பெரிய மனது. அதோடு, மூன்று கல்லும் விறகும் வைத்து மெல்ல எரிக்கிற அடுப்பைவிடத் தோள் இறைச்சிக்கு வேறென்ன வேண்டும்? கேஸில் மூன்று மணித்தியாலம் வைத்தால் சிலிண்டர் தீர்கிறதே என்று நீயே மறுகா எனக்கு எழுதுவாய்.

இனிக் கொழுப்பு.

பன்றி நாள் முழுக்க முன்காலை ஊன்றி நடந்து, கிண்டித் தின்கிற சீவன். தோளுக்கு ஓய்வே இல்லை. அதனால் அங்கே சவ்வும் நாரும் கூட, அவற்றுக்கு இடையில் கொழுப்பும் கூட. உட்சூடு 63 பாகை வந்து மூன்று நிமிடம் நின்றாலே துண்டு இறைச்சி பாதுகாப்பாக வெந்துவிட்டது என்று கணக்கு. ஆனால் அந்தச் சூட்டில் தோளைக் கடித்தால் பல்லுத்தான் நோகும். சவ்வு கரைந்து பசையாகிறது 70 பாகைக்கு மேலே போய், அதுவும் ஆறுதலாக. 90ஐத் தாண்டும்போதுதான் கரண்டி பட்டதும் பிரியும். இதற்குள் இறைச்சியிலிருந்த தண்ணீரில் நிறைய வெளியே போய்விடும். அந்த இடத்தை நிரப்பி வாயில் வழவழப்பாக நிற்கிறது கரைந்த சவ்வும் உருகின கொழுப்பும். ஒன்றை நீ வெட்டி எறிந்தாய், மற்றது கரைய முக்கால் மணித்தியாலம்தான் குடுத்தாய். தும்பாகாமல் வேறென்ன ஆகும்?

ஹங்கேரிக்காரர் மாதிரி என்று எழுதியிருக்கிறாய். அவர்கள் வெங்காயத்தை வதக்கத் தொடங்குவதே பன்றிக் கொழுப்பில். சட்டியை நெருப்பால் இறக்கிவிட்டுத்தான் பப்ரிக்காவைப் போடுவார்கள், இல்லாவிட்டால் கருகிக் கசக்கும். தோள் இறைச்சியும் புளிக்கவைத்த முட்டைக்கோவாவும் சேர்த்து அவித்து, மேலே புளித்த கிறீம் விட்டு ஒரு சாப்பாடு உண்டு அங்கே. குளிர்காலத்துக்கு அதுதான் அவர்களுக்குச் சோறு. மெக்சிக்கோவின் மிச்சோவாக்கானில் செப்புக் கிடாரத்தில் பன்றியின் கொழுப்பிலேயே பன்றியை மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். யுக்கத்தானில் புளிப்புத் தோடம்பழச் சாறும் ஒரு சிவப்பு விதையின் அரைப்பும் பூசி, வாழையிலையில் சுற்றி, மண்ணுக்குள் குழி வெட்டி வைப்பார்கள். பிலிப்பைன்ஸில் வினாகிரி, சோயா சோஸ், உள்ளி, மிளகு. எந்த ஊரிலும் ஒரு மனிசரும் கொழுப்பைக் குப்பையில் போடவில்லை.

கொலஸ்ட்ரோல் என்கிறாய். பன்றிக் கொழுப்பில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 40 சதவீதம். தேங்காயெண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல். நாற்பதை வெட்டி எறிந்துவிட்டு எண்பதைப் போத்திலால் ஊற்றியிருக்கிறாய்! இரண்டும் மருந்தென்று நான் சொல்லவரவில்லை. டொக்டர் வேண்டாமென்று சொன்னவர்கள் சாப்பிட வேண்டாம், அங்கே என் பேச்சுக்கு இடமில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: வெட்டுவதென்றால் சமைத்த பிறகு வெட்டுங்கள். முதல்நாளே ஆக்கி, ஆறவிட்டு, இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் காலையில் கொழுப்பு வெள்ளைத் தட்டாக மேலே உறைந்து நிற்கும். கரண்டியால் கிளப்பி எடுத்துவிடலாம். அது செய்யவேண்டிய வேலையைச் செய்து முடித்துவிட்டது, இனிப் போகலாம்.

நான் இதைப் படித்தது புத்தகத்தில் இல்லை. சின்ன வயதில் டச்பார் பக்கம் எங்களுக்குத் தெரிந்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பம் ஒன்று. அங்கிள் தச்சு வேலை, அன்ரி தையல். மார்கழி பிறந்தால் பட்டறையிலிருந்து மரச்சீவல் சாக்கு சாக்காக அடுப்படிக்கு வரும். அன்ரி கடைக்காரனிடம் தோளைத்தான் கேட்டு வாங்குவா, தொடையைத் திரும்பியும் பாரா. கொழுப்பை விரல்நுனி அளவாக வெட்டி, அடுப்பு மூட்டாத மண்சட்டியில் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, பிறகுதான் நெருப்பு வைப்பா. முதலில் கொதிக்கிற சத்தம். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் மெலிந்து, பிறகு சடசடவென்று பொரிகிற சத்தமாக மாறும். வெள்ளைக் கொழுப்பு கண்ணாடியாகி, பொன்னிறமாகிச் சுருங்கும். அந்த நெய்யில் இறைச்சியை நெருக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்க விடுவா. பிறகு உள்ளி, கறுவா, கராம்பு, இடித்த மிளகு, வறுத்த தூள், வினாகிரி. மூடி போட்டு விறகை வெளியே இழுத்துத் தணல் மட்டும். நாங்கள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் ஏச்சு விழும். அன்ரி எங்களோடு பேசுவது முழுக்கத் தமிழ், ஏச்சு மட்டும் போர்த்துக்கேயத்தில் வரும். போர்த்துக்கேயர் புளியந்தீவுக் கோட்டையை 1638இல் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்துப் போனார்கள். ஏச்சும் வினாகிரியும் இங்கேயே தங்கிவிட்டன. கோவாவில் பன்றியை இதே வினாகிரியிலும் உள்ளியிலும் ஊறவைப்பதும் அவர்கள் வழியால் வந்ததுதான். அன்ரி முதலில் போனா. அந்த ஒழுங்கை 2004 மார்கழியில் கடலோடு போனது.

வினாகிரி வாங்கும்போது போத்திலைத் திருப்பி வாசி. 'செயற்கை' என்று இருந்தால் அது அசெற்றிக் அமிலமும் தண்ணீரும்தான். தென்னங்கள்ளில் செய்ததைத் தேடி வாங்கு. கிடைக்காவிட்டால் கொறுக்காய்ப்புளியை அரைத்துப் போடு, அதுவும் இந்த இறைச்சிக்கு நன்றாக நிற்கும். அலுமினியச் சட்டியில் மட்டும் புளியை வைக்காதே. சுடுதண்ணீரில் நாலைந்து தரம் கழுவுவதைப் பற்றிப் பேசவே எனக்குப் பிடிக்கவில்லை. ஒருதரம் பச்சைத்தண்ணீரில் அலசி, ஈரத்தை ஒற்றி எடு. ஈர இறைச்சி சிவக்காது, அவியும்.

எந்த நாட்டுச் சமையல் என்று கேட்டிருந்தாய். எதையாவது செய், மகள். தோளை வாங்கு, கொழுப்போடு வாங்கு, மூன்று மணித்தியாலம் குடு.

அந்தக் காத்தான்குடித் தம்பிக்கு நீ கோழி வைக்க வேண்டாம். உனக்கு மனதில் ஒன்றும் இராது, எனக்குத் தெரியும். ஆனால் அதே வளவு, அதே கத்தி, அதே அகப்பை. கோழி ஹலாலா என்று அவன் கூச்சத்தில் கேட்கவும் மாட்டான், சாப்பிடவும் மாட்டான், பசியோடு சிரித்துக்கொண்டு இருப்பான். அண்ணாவை மோட்டார் சைக்கிளில் அனுப்பி, காத்தான்குடியிலேயே நல்ல கடையொன்றில் புரியாணி எடுப்பித்து, கட்டுப் பிரிக்காமல் அவன் கையில் குடு. புதுக் கோப்பையும் ஒன்று வாங்கி வை. கடைக்கு முதல்நாளே சொல்லிவிடச் சொல்லு, நத்தார் நேரத்தில் பகல் ஒரு மணிக்குள் சட்டி காலியாகிவிடும்.