கவுண்டரில் ஆள் இல்லை, அபராதம் மட்டும் உண்டா?

கேள்வி: எண்ணூர்ப் பக்கம் கடலோரக் குப்பம் எங்களுடையது. எங்கள் சின்ன ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்க ஆள் இல்லை, மெஷினும் இல்லை. அம்மா விடியற்காலையில் இறால், நண்டுக் கூடையோடு கொருக்குப்பேட்டைக்கு ரயிலேறுகிறார். போன வாரம் டிக்கெட் இல்லையென்று 250 ரூபாய்க்கு மேல் வாங்கிவிட்டார்கள். ஆள் இல்லை என்று சொன்னது செல்லாதா? மறுபடி பிடித்தால் ஜெயிலா? ஸ்டேஷன் வாசலில் ஒருவர் ரிட்டர்ன் டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாசலில் நிற்கும் அந்த ஆளிடம் எதையும் வாங்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஜெயில் பயம் போகட்டும்.

1989 ரயில்வே சட்டத்தில் இதற்கு இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ஏமாற்றும் எண்ணத்தோடு பயணம் செய்தால் 137. அதற்குத்தான் 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் எல்லாம். வெறுமனே டிக்கெட் இல்லாமல் இருந்தால் 138. கட்டணத்தோடு கூடுதலாக இன்னொரு மடங்கு அல்லது 250 ரூபாய், எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். அம்மாவிடம் வாங்கியது இரண்டாவது வகை. டிக்கெட் கொடுக்க ஆள் இல்லை என்ற உண்மை அவரை 137-லிருந்து காப்பாற்றும். 138-லிருந்து காப்பாற்றாது. 5 ரூபாய் டிக்கெட்டை விற்க ஆள் போடாமல், அதை வாங்கவில்லை என்று 255 ரூபாய் கேட்பது நியாயமில்லை. ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

சட்டத்தில் ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. 55-ஆம் பிரிவின்படி டிக்கெட் இல்லாதவர், அதிகாரம் பெற்ற ரயில்வே ஊழியரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுப் பயணம் செய்யலாம். கட்டணத்தைப் பிறகு கட்டுகிறேன் என்ற நிபந்தனையில் அவர் ஒரு சான்றுச் சீட்டு தருவார். அது கையில் இருந்தால் 138-இன் கூடுதல் தொகை கிடையாது என்று சட்டமே சொல்கிறது. பழைய ஆட்கள் இதை 'கார்டு சர்டிபிகேட்' என்பார்கள். கார்டு என்பவர் கடைசிப் பெட்டியில் இருப்பவர். 2022 முதல் அவருடைய பதவிப் பெயர் டிரெயின் மேனேஜர். கவனியுங்கள், ஏறுவதற்கு முன்பே கேட்க வேண்டும். பரிசோதகர் வந்த பிறகு கேட்டால் பயனில்லை. வாய்வார்த்தையாக "சரிம்மா, ஏறுங்க" என்று அவர் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, சீட்டு வேண்டும். சரி, அரை நிமிஷம் நிற்கிற மின்சார ரயிலில், கூடையோடு ஒரு அம்மா கடைசிப் பெட்டிக்கு ஓடி, அவர் எழுதிக் கொடுத்து வாங்க முடியுமா? தினமும் முடியாது. ஆளை நீக்கிவிட்ட ஸ்டேஷன்களில் இந்தச் சீட்டை எப்படிக் கொடுப்பது என்று யாராவது யோசித்திருக்க வேண்டாமா! அவசரத்துக்கு ஒரு நாள் உதவும், அவ்வளவுதான்.

இப்போது அந்த வாசல் ஆளைப் பற்றி. யாரோ போய்விட்டு வந்து மிச்சம் வைத்த ரிட்டர்ன் பாதியைத்தான் அவர் விற்கிறார். 142-ஆம் பிரிவில் விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் தண்டனை உண்டு: 3 மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். அந்த டிக்கெட்டும் பறிபோகும், டிக்கெட் இல்லாதவராகவே கணக்கு வைத்து 138-ம் போடுவார்கள். நான் பரிசோதகராக இருந்தபோது ஒரே காலையில் மூன்று மீன்கார அம்மாக்கள் ஒரே ஆளிடம் வாங்கிய டிக்கெட்டோடு சிக்கினார்கள். விற்றவன் பிளாட்பாரத்திலேயே டீ குடித்துக்கொண்டிருந்தான். இவர்கள் அழுதார்கள். இன்னொரு வகை ஆள், தன் சீசன் டிக்கெட்டை வாடகைக்குத் தருவான். அதுவும் இதே பிரிவுதான். மூன்றாவது வகை இன்னும் மோசம்: "நூறு கொடு, விட்டுடறேன்" என்பவன். ரசீது தராதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். போன வாரம் கட்டிய பணத்துக்கு ரசீது இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். அதில் ஏறிய ஸ்டேஷன் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கே ஏறினார் என்பதில் சந்தேகம் வந்தால் ரயில் கிளம்பிய இடத்திலிருந்தே, அது கும்மிடிப்பூண்டி ரயிலென்றால் கும்மிடிப்பூண்டியிலிருந்தே, கட்டணம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது.

நீங்கள் வீட்டிலிருந்தபடி உங்கள் போனில் டிக்கெட் எடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று தோன்றும். செல்லாது. எந்தப் போனில் எடுத்தீர்களோ அந்தப் போனில், ஆப்பைத் திறந்துதான் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைப் பரிசோதகர் ஏற்க மாட்டார். அம்மாவிடமே ஸ்மார்ட்போன் இருந்தால், 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் ஆப்பைப் போட்டுக்கொடுத்து, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டேஷனுக்குள் நின்று எடுக்கப் பார்த்தால் அது மறுக்கும். சார்ஜ் தீர்ந்தாலும் டிக்கெட் இல்லாத கணக்குதான்.

அம்மா தினமும் போகிறவர் என்பதால் என் யோசனை காகிதச் சீசன்தான். திருவொற்றியூர், மீஞ்சூர் போல ஆள் இருக்கிற கவுண்டரில் ஒரு மதியம் போய், அம்மாவின் பெயரிலேயே, உங்கள் ஸ்டேஷனிலிருந்து கொருக்குப்பேட்டை வரை எடுங்கள். பெரிய ஸ்டேஷன் பெயரில் எடுத்துவிட்டு நடுவில் ஏறிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் ஸ்டேஷன் அந்தத் தூரத்துக்கு வெளியே இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். மூன்று மாதச் சீசனுக்கு 2.7 மாதக் கட்டணம்தான். அடையாள அட்டையும் அதோடு இருக்கட்டும். கூடைக்கான லக்கேஜ் சீட்டு தனி, அதையும் அதே கவுண்டரில் கேட்டுவிடுங்கள். கூடையோடு ஏற வேண்டியது வியாபாரிகளுக்கான வெண்டர் பெட்டியில்.

அப்புறம், ஆள் இல்லாததைப் பற்றி 139 என்ற ரயில்வே உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்துப் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் இல்லை என்று ஆளை நீக்குகிறார்கள். ஆள் இல்லாததால் டிக்கெட் விற்பதில்லை. விற்காததால் வருமானம் இன்னும் குறைகிறது. நீங்கள் ஒருவர் புகார் செய்தால் ஓர் எண் கிடைக்கும். குப்பத்தில் கூடை தூக்கும் எல்லா அம்மாக்களும் செய்தால் பதில் கிடைக்க வாய்ப்பு உண்டு. கட்டிய அபராதம் திரும்ப வராது, அதற்காக அலைய வேண்டாம்.