தண்ணீரைத் தேடாதீர்கள், மட்டத்தைத் தேடுங்கள்: தென் இங்கிலாந்தின் கைவிடப்பட்ட கால்வாய்கள்

கேள்வி: லண்டனில் நியூ மால்டன் பக்கம் இருக்கிறோம். வார இறுதிகளில் ரீஜன்ட்ஸ் கால்வாய்க் கரையில் நடப்பது வழக்கம். தெற்கே கைவிடப்பட்ட கால்வாய்கள் நிறைய உண்டு என்கிறார்கள். ஆனால் வரைபடத்தில் பார்த்தால் நீலக் கோடு திடீரென்று நின்றுவிடுகிறது. எங்கே தொடங்குவது? கார் இல்லாமல் போக முடியுமா? பத்து வயது மகனைக் கூட்டிப் போகலாமா? காற்றடைத்த கயாக் ஒன்று இருக்கிறது, அதை இறக்கலாமா?

பதில்: முதல் பயணத்துக்கு பேசிங்ஸ்டோக் கால்வாயின் மேற்கு முனைக்குப் போங்கள். உயிரோடிருக்கும் கால்வாய், நின்றுபோன கால்வாய், அடையாளமே அழிந்த கால்வாய் மூன்றையும் ஒரே நாளில் காட்டும் இடம் அது. ரயிலிலேயே போகலாம். எப்படிப் போவது என்பதற்கு முன்னால், நீலக் கோடு ஏன் நிற்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். அது புரியாமல் போனால் வயலில் நின்றுகொண்டு ஒன்றும் தெரியவில்லையே என்று திரும்பி வருவீர்கள்.

இங்கிலாந்தின் தெற்கில் கால்வாய்கள் வெட்டப்பட்டது பெரும்பாலும் 1780-க்கும் 1825-க்கும் இடையில். வடக்கே நிலக்கரியும் ஆலைகளும் கால்வாய்களுக்கு வேலை கொடுத்தன. தெற்கே ஏற்றுவதற்கு மரம், தானியம், சுண்ணாம்புக்கல், கொஞ்சம் நிலக்கரி, அவ்வளவுதான். ரயில் வந்ததும் முதலில் விழுந்தவை இவைதான். ஒரு கால்வாயைச் சட்டப்படி மூடியதும் நிலத்தைத் துண்டு துண்டாக அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு விற்றுவிடுவார்கள். ஒருவர் மண்ணைப் போட்டு உழுவார், இன்னொருவர் மாட்டுக்குக் குட்டையாக வைத்துக்கொள்வார், மூன்றாமவர் அப்படியே விட்டுவிட அங்கே காடு வளரும். அதனால்தான் வரைபடத்தில் கோடு விட்டு விட்டு வருகிறது.

ஆகவே தண்ணீரைத் தேடிப் போகாதீர்கள், மட்டத்தைத் தேடுங்கள். இரண்டு லாக்குகளுக்கு நடுவே கால்வாய் ஒரே மட்டத்தில்தான் ஓட முடியும். (லாக் என்பது படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் கதவு வைத்த அறை.) மேடு வந்தால் அதன் இடுப்பைச் சுற்றி வளைந்து போகும், பள்ளம் வந்தால் கரை எழுப்பிக் கடக்கும். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தை எடுத்து, நீலக் கோடு நின்ற இடத்திலிருந்து அதே உயரக்கோட்டை விரலால் தொடருங்கள். விரல் போகும் வழியில் 'வார்ஃப்' (படகுத்துறை) என்றோ 'லாக் காட்டேஜ்' என்றோ ஒரு பெயர் வந்தால் சரியான தடத்தில் இருக்கிறீர்கள். தரையில் இறங்கிய பிறகு கண் வைக்க வேண்டியவை: ஆறோ ஓடையோ இல்லாத இடத்தில் கூன் போட்டு நிற்கும் செங்கல் பாலம், வளைந்து வளைந்து இணையாகப் போகும் இரண்டு வேலிவரிசைகள், காட்டுக்குள் அகலம் மாறாமல் நீளும் ஒரு பள்ளம். பழைய பாலம் கிடைத்தால் வளைவின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். படகு இழுத்த குதிரைகளின் கயிறு உரசி உரசி ஏற்பட்ட பள்ளங்கள் பல பாலங்களில் இன்னும் இருக்கின்றன. உங்கள் மகனை அதைத் தேடச் சொல்லுங்கள்.

இதற்கு ஒரு அருமையான துணை உண்டு. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளம் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களையும் இலவசமாகக் காட்டுகிறது. பழைய வரைபடம் ஒரு பக்கம், இன்றைய வான்படம் மறுபக்கம் என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். கிளம்புவதற்கு முந்தின இரவு ஒரு மணி நேரம் அதில் செலவழித்தால், மறுநாள் நடையில் கிடைக்கும் சந்தோஷம் பல மடங்கு.

சரி, பேசிங்ஸ்டோக். 1794-ல் திறந்த இந்தக் கால்வாய், வெய் ஆற்றிலிருந்து பேசிங்ஸ்டோக் நகரம் வரை 37 மைல் ஓடியது. 1932-ல், கால்வாய் ஒரு மேட்டுக்கு அடியில் கடந்துபோன கிரேவெல் சுரங்கத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததோடு மேற்கே உள்ள 5 மைல் துண்டுபட்டுப் போனது. மீதியும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சேறும் புதருமாகக் கிடந்ததுதான். 1966-ல் உருவான ஒரு கால்வாய்ச் சங்கத்தின் தன்னார்வலர்கள் பிடிவாதமாக வேலை செய்ய, ஹாம்ப்ஷயர், சரே கவுன்ட்டி கவுன்சில்கள் கால்வாயை வாங்கிக்கொள்ள, 1991-ல் 32 மைல் மறுபடி திறந்தது. விடுமுறை நாட்களை மண்வெட்டியோடு கழித்த சாதாரண மனிதர்கள் மீட்டெடுத்த நீர்வழி இது. அந்த நினைப்போடு நடந்தால் ஒவ்வொரு லாக்கும் வேறு மாதிரி தெரியும்.

சர்பிட்டனில் பேசிங்ஸ்டோக் போகும் ரயிலில் ஏறி வின்ச்ஃபீல்டில் இறங்குங்கள். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து பார்லி மோ பாலத்துக்குச் சிறு நடை. அங்கிருந்து கரைப்பாதையில் மேற்கே திரும்பினால் ஓடியம், பிறகு நார்த் வார்ன்பரோ, அதைத் தாண்டி ஓடியம் கோட்டை. ஜான் மன்னர் கட்டிய எண்கோணக் கோபுரம், இப்போது இடிபாடாகக் கரையோரம் நிற்கிறது. 1215-ல், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மேக்னா கார்ட்டா சாசனத்துக்காக ரன்னிமீடுக்கு அவர் கிளம்பியது இங்கிருந்துதான் என்பார்கள். இந்தப் பகுதியில் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறும் சுனைகள் சுரங்கத்துக்குள் இருந்தே கால்வாய்க்கு நீர் கொடுப்பதுதான் காரணம்.

அப்புறம் வருகிறது சுரங்கத்தின் வாய். 1,230 கெஜ நீளம், உள்ளே குதிரைக்கு வழி கிடையாது. படகுக்காரர்கள் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்துப் படகை நகர்த்துவார்கள், குதிரையை மேட்டின் மேலே ஓட்டிக்கொண்டு போவார்கள். இன்று உள்ளே இருப்பவை வௌவால்கள். நேட்டரர் இனம் உட்பட ஆயிரக்கணக்கில் குளிர்காலத்தைக் கழிக்கும் இடம் அது, சட்டப் பாதுகாப்பு பெற்றது. வெளியில் நின்று பாருங்கள், அது போதும். பிறகு குதிரைகளைப் போலவே நீங்களும் மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கினால் அப் நேட்லி. இங்கே கால்வாய் மரநிழலில் அசையாத பச்சைக் குளமாக இருக்கிறது. இன்னும் மேற்கே போகப் போகத் தண்ணீர் மறைகிறது, தடம் மங்குகிறது, எம்3 நெடுஞ்சாலை குறுக்கே வெட்டிவிடுகிறது. படகுகள் வந்து நின்ற பழைய துறை இருந்த இடத்தில் பேசிங்ஸ்டோக் நகரின் பேருந்து நிலையம் இருக்கிறது. சிறுவனோடு போகும்போது அப் நேட்லியோடு நிறுத்திக்கொண்டு ஹூக் நிலையத்துக்குத் திரும்பிவிடலாம்.

இரண்டாவது பயணத்துக்குக் கார் வேண்டும், ஆனால் அந்தச் சிரமத்துக்குத் தகுதியானது: வெய்-அருண் கால்வாய். நெப்போலியனோடு சண்டை நடந்தபோது சரக்குக் கப்பல்கள் ஆங்கிலக் கால்வாயில் (இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் உள்ள கடல்) போவது ஆபத்தாக இருந்தது. லண்டனிலிருந்து தென்கடற்கரைக்கு உள்நாட்டு வழியாகவே படகு விட வேண்டும் என்று திட்டமிட்டார்கள். கால்வாய் திறந்தது 1816-ல். போர் 1815-லேயே முடிந்துவிட்டது. பிறந்த நாளிலேயே காரணத்தை இழந்த அந்தக் கால்வாய் 1871-ல் மூடப்பட்டது. 1970-லிருந்து ஒரு அறக்கட்டளை அதைத் துண்டு துண்டாக மீட்டு வருகிறது.

லாக்ஸ்வுட் கிராமத்தில், ஆன்ஸ்லோ ஆர்ம்ஸ் பப் பக்கத்தில் தொடங்குங்கள். பருவகாலத்தில் அறக்கட்டளையின் படகுச் சவாரி உண்டு. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பழைய பாலத்தை எடுத்துவிட்டுச் சாலையைச் சமமாக்கிவிட்டதால், கால்வாய் அதன் கீழே புக வழியில்லாமல் போனது. சாலையை உயர்த்த முடியாது என்றதும் கால்வாயின் மட்டத்தையே தாழ்த்தி, அதற்காகப் புதிதாக ஒரு லாக்கும் கட்டினார்கள். தெற்கே போனால் ட்ரஞ்சிக்கில் புதிய தொட்டிப்பாலம் இருக்கிறது, கால்வாய் ஒரு சிற்றாற்றின் மேல் கடந்துபோகிறது. ஆனால் எனக்குப் பிடித்தது வடக்கே உள்ள சிட்னி வனம். அங்கே மீட்பு வேலை இன்னும் போய்ச் சேரவில்லை. காய்ந்த கால்வாய்ப் படுகையில் மரங்கள் முளைத்து நிற்கின்றன. மேலே சொன்ன மட்டம் பார்க்கும் பழக்கத்தை அங்கே நன்றாகச் சோதித்துக்கொள்ளலாம். கில்ட்ஃபோர்டிலிருந்து ஆம்பர்லி வரை 36 மைல் நீளும் வெய்-சவுத் பாதை இந்தத் தடத்தை ஒட்டிப் போகிறது. நிலம் தனியார் கைக்குப் போன இடங்களில் மட்டும் விலகிச் சுற்றிவரும்.

அதில்தான் சட்டச் சிக்கலும் இருக்கிறது. கைவிடப்பட்ட கால்வாயின் கரை பொதுச் சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். வரைபடத்தில் பச்சைப் புள்ளிக்கோடாகக் காட்டிய பொது நடைபாதை இருந்தால் நடக்கலாம், இல்லையென்றால் அது யாரோ ஒருவருடைய வயல். பண்ணை வீட்டில் யாராவது தென்பட்டால் கேட்டுப் பாருங்கள். மரியாதையாகக் கேட்டவர்களுக்குத் தன் நிலத்தில் இருக்கும் லாக்கைப் பெருமையோடு காட்டுகிறவர்கள் உண்டு.

கார் இல்லாத நாளுக்கு இன்னும் இரண்டு. சிச்செஸ்டர் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் கால்வாயின் படகுத்துறை. 1822-ல் திறந்தது, ஓவியர் டர்னர் வரைந்தது, சுமார் 4 மைல் சமதரையில் கடல்வாயை நோக்கிப் போகிறது. சின்னக் குழந்தைகள் இருந்தால் இதுதான் சுலபம். மற்றொன்று கென்ட்டில். கிரேவ்ஸெண்டிலிருந்து ஸ்ட்ரூட் போகும் ரயிலில் ஏறுங்கள். ஹையம் தாண்டி ரயில் நுழையும் சுரங்கங்கள் 1824-ல் தேம்ஸ்-மெட்வே கால்வாய்க்காகக் குடைந்தவை. 1840-களில் ரயில் கம்பெனி கால்வாயை வாங்கி, சுரங்கத்துக்குள் தண்ணீர் இருந்த இடத்தை நிரப்பித் தண்டவாளம் போட்டுவிட்டது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஜன்னலோரத்தில் ஒரு காலத்தில் படகுகள் போயிருக்கின்றன. கிரேவ்ஸெண்ட் பக்கம் மிச்சமிருக்கும் கால்வாய்த் துண்டை ஒட்டிச் சைக்கிள் பாதையும் உண்டு.

எப்போது போவது? தண்ணீர் இல்லாத தடங்களைப் பார்க்க ஜனவரி முதல் மார்ச் வரை. இலை இல்லாததால் பள்ளமும் கரையும் பளிச்சென்று தெரியும். ஜூன், ஜூலையில் போனால் இடுப்பளவு, பட்டால் அரிக்கும் நெட்டில் செடியும் முள்புதருமாக இருக்கும், பக்கத்தில் நின்றாலும் லாக் கண்ணில் படாது. குளிர்காலத்தில் லாக்ஸ்வுட் பக்கத்துக் களிமண் காலணியைப் பிடித்து இழுக்கும், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். வெயில் காலத்தில் போனால் முழுக்கால் சட்டை, வீட்டுக்கு வந்ததும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று மகனின் உடலைப் பாருங்கள். உண்ணிக்கடியால் லைம் நோய் வரலாம்.

மகனைக் கூட்டிப் போகலாம். மூன்று விஷயங்களில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எந்தச் சுரங்கத்துக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. பழைய லாக் அறையின் விளிம்புக்குப் போகக் கூடாது. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், ஏறி வரப் பிடிமானம் இருக்காது. பாசி மூடிய பச்சைப் பரப்பைப் புல்தரை என்று நம்பி இறங்கக் கூடாது. தேங்கிய தண்ணீரில் எலிச்சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்க வாய்ப்புண்டு. காயத்தை மூடுங்கள், சாப்பிடும் முன் கையைக் கழுவ வையுங்கள்.

கடைசியாகக் கயாக். தூர்ந்துபோன துண்டுகளில் இறக்கவே வேண்டாம், ஆழமும் தெரியாது, அனுமதியும் இருக்காது. பேசிங்ஸ்டோக் கால்வாயில் இறக்கலாம், அதற்கு உரிமம் வேண்டும். ஆல்டர்ஷாட்டுக்கு அருகே உள்ள ஆஷ் லாக்கிலிருந்து மேற்கே கிரேவெல் வரை சுமார் 15 மைலுக்கு ஒரு லாக் கூடக் கிடையாது, கயாக்கைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. ஓடியத்தில் கோல்ட் ஹில் துறையில் இறக்கி, கோட்டை வரை போய், அங்கேயே திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் உள்ள பகுதியை நீர்த்தாவரங்களுக்கும் வௌவால்களுக்கும் விட்டுவிட வேண்டும். கோடையில் தண்ணீர் குறைவதும் களை அடர்வதும் இந்தக் கால்வாயில் வழக்கம். எனவே மே மாதம் நல்லது. கிளம்பும் முன் கால்வாய் நிர்வாகத்தின் இணையதளத்தில் அன்றைய அறிவிப்புகளைப் பாருங்கள், உரிமத்தையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.