கடலிலிருந்து பார்த்த நாகப்பட்டினம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டச்சுக்காரர்களின் பழைய கடற்படம் ஒன்றில் நாகப்பட்டினத்தைத் தேடினேன். கரையோரம் நாலைந்து பெயர்கள், கடலுக்குள் எண்கள், குறுக்கும் நெடுக்கும் கோடுகள். உள்ளே வயல், வாய்க்கால், ஊர் எதுவுமே இல்லை. இத்தனை வருடம் இங்கே இருந்தும் இவ்வளவுதான் தெரியுமா? நம்மவர்களிடம் இப்படி ஒன்றுமே இல்லையா?
க., திருக்குவளை

அன்புள்ள க.,

1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகையைப் பிடித்து 1781 வரை வைத்திருந்தவர்களுக்கு நம் வயல்கள் தெரியாமல் இருக்குமா? அந்தப் படம் கப்பலில் நிற்பவனுக்காக வரைந்தது. அவனுடைய கவலை தரை தட்டுமா தட்டாதா என்பதுதான்.

அதனால் எண்களை முதலில் பாருங்கள். எல்லாம் ஆழம், பாகக் கணக்கில் (இரண்டு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்). ஈயக்குண்டின் அடிக்குழியில் மாட்டுக்கொழுப்பை அப்பிக் கயிற்றில் இறக்குவார்கள். கயிறு ஆழத்தைச் சொல்லும், கொழுப்பில் ஒட்டி வருவதைப் பார்த்தால் அடியில் சேறா, மணலா, சிப்பியா என்று தெரிந்துவிடும். மலையோ குன்றோ இல்லாத தட்டையான கரை நம்முடையது, ஆறுகள் காலங்காலமாக வண்டலைக் கொட்டிய கடல், ராத்திரியில் கரை எவ்வளவு தூரம் என்று கண்ணை நம்பிச் சொல்ல முடியாது, அந்தக் கொழுப்பில் ஒட்டிய சேற்றைத்தான் நம்ப வேண்டும். பகலில் உயரமாக எது தெரிகிறதோ அதுதான் அடையாளம். நாகையின் புதுவெளிக் கோபுரம் என்ற பழைய பௌத்தக் கோபுரம் அப்படித்தான் மாலுமிகளுக்கு உதவியது. 1867இல் அதை இடித்துவிட்டார்கள், எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் அது.

கோடுகள் திசைகாட்டியின் 32 திசைகள். போக வேண்டிய வழிக்கு இணையான கோட்டைப் பிடித்தால் சுக்கானை எந்தத் திசைக்கு வைப்பது என்று தெரியும். இந்தப் படங்களை டச்சுக் கம்பெனி பொத்திப் பொத்தி வைத்தது. கையால் எழுதிக் கொடுத்து, பயணம் முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டது. ஆசியக் கடற்படங்கள் அச்சில் தொகுப்பாக வந்ததே 1753இல்தான்.

சரி, நம்மவர்கள். தாளில் வரைந்த படம் இல்லாமலும் கடலோடலாம். இராப்பலகை என்று ஒன்று இருந்தது, முடிச்சுப் போட்ட கயிறு கோத்த சின்னப் பலகை. முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை விறைப்பாகப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானத்தில் வைத்தால் மேல்விளிம்பில் துருவ நட்சத்திரம் உட்கார வேண்டும். வடக்கே போகப்போக அந்த நட்சத்திரம் மேலே ஏறும். அதன் உயரத்துக்கேற்ப நாகைக்கு ஒரு முடிச்சு என்றால், கடாரத்திலிருந்து திரும்புகிறவன் அந்த உயரம் வந்ததும் நேர் மேற்கே விட்டால் போதும். ஊரின் இடத்தை ஒரு முடிச்சில் வைத்திருந்தவர்களை ஒன்றும் இல்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

ஒன்று செய்யுங்கள். அந்தப் படத்தை நாகை மீனவர் குப்பத்தில் வயதான ஒருவரிடம் காட்டி, எண்களை வாசித்து, இன்று அங்கே எத்தனை பாகம் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.