ரயில் பாதையை நீட்டுவது: சென்னைக் கேள்விகளும் பதில்களும்

நகர ரயில் திட்டங்களில் நில அளவை, மண் ஆய்வு என்று 20 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பாதை நீட்டிப்பு பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். பறக்கும் ரயிலை அங்கே கொண்டுபோக ஏன் இத்தனை வருடம்? (வேளச்சேரி வாசகர்)

2008-இல் தொடங்கிய வேலை அது. கிட்டத்தட்ட நாலரை கிலோமீட்டருக்குத் தூண் எழும்பிவிட்டது. ஆதம்பாக்கம் பக்கம் மிச்சமிருந்த 500 மீட்டருக்கு நிலம் கைக்கு வரவில்லை. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. வேலை பத்தாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. 495 கோடி ரூபாய் என்று போட்ட மதிப்பீடும் அதற்குள் ஏறிவிட்டது.

வீட்டைக் கொடுக்கத் தயங்குபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேறொரு திட்டத்துக்கு அளவெடுக்கப் போன தெருவில் ஒரு வீடு. பட்டா தாத்தா பெயரில், வாரிசுகள் பதினொரு பேர். அந்த வீட்டு அம்மா மோர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, பணம் எப்போ வரும்? யார் கையில வரும்?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதில்களைத் தயார் செய்யாமல் முதல் தூணுக்குக் குழி தோண்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மெட்ரோ ரயிலையே அந்தப் பாதையில் ஓட்டிவிடலாமே?

முடியாது. பறக்கும் ரயில் அகலப் பாதை, 1,676 மி.மீ. மெட்ரோவின் தண்டவாள இடைவெளி 1,435 மி.மீ. பரங்கிமலையில் இறங்கி மாறிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

வண்ணாரப்பேட்டை – விம்கோ நகர் நீட்டிப்பில் கொஞ்ச தூரம் சுரங்கம், பிறகு மேம்பாலம். ஏன் ஒரே மாதிரி கட்டவில்லை?

2021 பிப்ரவரியில் திறந்த அந்த 9 கிலோமீட்டரில், தண்டையார்பேட்டை வரை தெருக்கள் நெருக்கமானவை. தூண் நட இடமில்லை. அதைத் தாண்டினால் சாலை கொஞ்சம் அகலம். சுரங்கத்தின் செலவோ மேம்பாலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு. அதனால் இடம் கிடைத்ததும் மேலே ஏறிவிடுவார்கள்.

ஆனால் அந்த ஏற்றமே ஒரு தலைவலி. 100 மீட்டர் ஓடினால் மூன்று, நான்கு மீட்டர்தான் ரயில் ஏறலாம். ஆழத்திலிருந்து மேம்பால உயரத்துக்கு வர முக்கால் கிலோமீட்டர் வரை ஆகும். நடுவில் தரைமட்டத்தை ஒட்டி வரும் பகுதியில் ஒரு குறுக்குத் தெரு கூடக் கடக்க முடியாது. வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது நிலையத்துக்கான இடத்தை அல்ல, இந்தச் சரிவுக்கான இடத்தை.

எங்கள் வீட்டுக்கு அடியில் சுரங்கம் போகிறதாம். சுவர் விரிசல் விடுமா ஐயா? (மயிலாப்பூர் வாசகி)

உங்கள் பயம் நியாயம்தான் அம்மா. கலங்கரை விளக்கத்தில் 2023-இல் இறக்கிய 'ஃபிளமிங்கோ' போன்ற சுரங்கம் குடையும் இயந்திரங்கள், முன்னால் இருக்கும் மண் சரியாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டே குடையும். குடைந்த இடத்தில் உடனே கான்கிரீட் வளையம் பொருத்தி, வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையே சிமென்ட் கலவையைச் செலுத்துவார்கள். அந்த அழுத்தமோ இந்தக் கலவையோ குறைந்தால் தரை இறங்கும். சென்னையில் பாறையும் மணலும் களிமண்ணும் கலந்து வருவதால் அழுத்தத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

சுவரில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பிரிசம் ஒட்டுவார்கள்; தெருமுனைக் கருவி அதைக் குறிவைத்து மில்லிமீட்டர் கணக்கில் அசைவைப் பார்க்கும். அதன் மேல் துணி காயப்போடாதீர்கள். வேலை தொடங்குமுன் எடுக்கும் விரிசல் புகைப்படங்களில் ஒரு பிரதி கேட்டு வாங்கி வையுங்கள். பின்னால் நஷ்டஈடு பேச அதுதான் சாட்சி.

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை நீட்டினால் போதும்தானே?

பாதை மட்டும் போதாது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரிலேயே திறந்தாகிவிட்டது. 15 கிலோமீட்டர் மெட்ரோ அதோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும். வந்தாலும், அங்கே ஏறும் கூட்டம் முழுவதும் பழைய பாதையின் நாலு பெட்டி ரயிலில்தான் வந்து விழும். ஆலந்தூரில் காலை எட்டரைக்கு நின்று பாருங்கள், கதவருகே கால் வைக்க இடமிருக்காது. அங்கே நடைமேடை ஆறு பெட்டிக்கு ஏற்ற நீளம். கூடுதல் பெட்டிகளும் பணிமனையில் அவற்றுக்கு இடமும் நீட்டிப்பு மதிப்பீட்டோடு சேர்ந்தே கணக்கில் வரவேண்டும்.