லூயிஸ் மொன்டி 1930இல் அர்ஜென்டினாவுக்கும் 1934இல் இத்தாலிக்கும் உலகக் கோப்பை இறுதியாட்டம் ஆடியது எப்படி? இன்று அது முடியுமா?

இன்று முடியாது. அன்று முடிந்தது, ஏனென்றால் தடுக்க விதியே கிடையாது. எந்த நாட்டின் குடியுரிமை கையில் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு ஆடலாம், அவ்வளவுதான். டி ஸ்டெஃபானோ, புஷ்காஷ், அல்டாஃபினி எல்லாரும் அப்படி ஆடியவர்கள்தான். 1962 உலகக் கோப்பைக்குப் பிறகுதான் ஃபிஃபா இந்தக் கதவை அடைத்தது. 2020இல் கொஞ்சம் திறந்தார்கள்: முதல் நாட்டின் சீனியர் அணிக்கு மூன்று ஆட்டத்துக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, அவையும் 21 வயதுக்குள் முடிந்திருக்க வேண்டும், கடைசி ஆட்டத்துக்குப் பின் மூன்று ஆண்டு கழிந்திருக்க வேண்டும், உலகக் கோப்பைப் பிரதானச் சுற்றில் களமிறங்கியிருக்கவே கூடாது. மொன்டி 1930இல் இறுதியாட்டமே ஆடியவர். இந்தக் கடைசி நிபந்தனை ஒன்றே போதும் அவரை வெளியே நிறுத்த.

இத்தாலிக்கு அவர் போன வழியும் சட்டத்தால் உண்டானதுதான். 1926இல் வியாரெஜ்ஜோ சாசனம் என்ற ஒழுங்கு வந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இத்தாலிய கிளப்புகளில் இடமில்லை என்றார்கள். ஆனால் குடிபெயர்ந்த இத்தாலியர்களின் பிள்ளைகள் வெளிநாட்டவர் அல்ல. உடனே கிளப்புகளின் பார்வை பியூனஸ் அயர்ஸ் பக்கம் திரும்பியது. இப்படி வந்தவர்களை 'ஒரியுண்டி' என்பார்கள். ரைமுந்தோ ஓர்சி 1928இல் யுவென்டஸுக்கு வந்தார், மொன்டி 1931இல் வந்தார். வந்தபோது உடம்பு நன்றாகவே பருத்திருந்தது. தனிப் பயிற்சி கொடுத்து இளைக்க வைத்த பிறகுதான் இறக்கினார்கள். அடுத்து நான்கு லீக் பட்டங்கள் தொடர்ச்சியாக, 1932 முதல் 1935 வரை. நவம்பர் 1932இல் இத்தாலி தேசிய அணியில் முதல் ஆட்டம், மொத்தம் 18 ஆட்டங்கள்.

குடியுரிமை இலவசமாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1935இல் அபிசீனியாவோடு (இன்றைய எத்தியோப்பியா) இத்தாலியின் போர் நெருங்கியதும், ராணுவத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று ரோமா கிளப்பின் மூன்று ஒரியுண்டி ஆட்டக்காரர்கள் பிரான்ஸுக்கு ஓடிப்போனார்கள். அதில் ஒருவர் குவைட்டா, 1934 அரையிறுதியில் ஆஸ்திரியாவுக்கு எதிரான ஒரே கோலை அடித்தவர்.

மொன்டி என்றாலே 'முரடன்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். முரடர்தான், மறுக்கவில்லை. 1930இல் சிலியுடனான ஆட்டத்தில் அவர் உதைத்த உதையில் கைகலப்பே மூண்டது. ஆனால் அவரை எல்லாரும் விரும்பியது அவர் நின்ற இடத்துக்காக. அக்கால 2-3-5 அமைப்பில், அதாவது பின்னால் இரண்டு ஃபுல்பேக், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர், சென்டர் ஹாஃப் என்பவர் நடுக்களத்தின் மையம். எதிரணி வந்தால் அவர்களுடைய நடு முன்கள வீரரைப் பிடிக்க வேண்டும், பந்து கிடைத்தால் அடுத்த நொடியே விங்குக்கு நீளமாக அனுப்பித் தாக்குதலைத் தொடங்க வேண்டும். தற்காப்பும் தொடக்கமும் ஒரே ஆளின் காலில். மொன்டியின் பட்டப்பெயரே 'தோப்ளே ஆன்சோ', இரட்டை அகலம். அவ்வளவு பரப்பை ஒருவராக அடைத்துக்கொள்வார்.

1925இல் ஆஃப்சைடு விதி தளர்ந்து முன்கள வீரர்களுக்கு வழி எளிதானதும் இங்கிலாந்தில் சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு ஃபுல்பேக்குகளுக்கு நடுவே மூன்றாவது தடுப்பாளாக நிறுத்திவிட்டார்கள். இத்தாலியின் பயிற்சியாளர் விட்டோரியோ பொஸ்ஸோ அதை ஏற்கவில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டின் சார்லி ராபர்ட்ஸ் நீளமாகப் பந்து பிரிப்பதை நேரில் பார்த்து ரசித்தவர் அவர். தன் சென்டர் ஹாஃபும் அப்படியே இருக்க வேண்டும் என்றார். நளினமாக ஆடும் பெர்னார்டினியை ஒதுக்கிவிட்டு மொன்டியை வைத்துக்கொண்டது அதனால்தான். என் கணக்கில் அது சரியான முடிவு.

அர்ஜென்டினாவுக்கு ஆடிய இறுதியாட்டங்கள் மொன்டிக்கு ராசியில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் உருகுவேயோடு முதல் ஆட்டம் 1-1. மறு ஆட்டத்தில் மொன்டி கோல் அடித்தும் 2-1 தோல்வி. 1930 இறுதியில் இடைவேளையில் 2-1 முன்னிலை, முடிவில் 4-2 தோல்வி, அதுவும் அதே உருகுவேயிடம். கொலை மிரட்டல் வந்ததால் அன்று அவர் ஒடுங்கி ஆடினார் என்பார்கள். அர்ஜென்டினாவின் முதல் உலகக் கோப்பைக் கோல் அவருடையது என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை: 15 ஜூலை 1930, பிரான்ஸுக்கு எதிராக, 81ஆம் நிமிட ஃப்ரீ கிக், 1-0.

10 ஜூன் 1934, ரோம். செக்கோஸ்லோவாக்கியா முதல் கோல் அடித்தது. ஓர்சி சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் ஸ்கியாவியோ முடித்தார், 2-1. இங்கே ஒரு திருத்தம். 'இரண்டு நாடுகளின் இறுதி அணியிலும் இருந்த ஒரே ஆள்' என்று எழுதினால் தப்பு. அட்டிலியோ டெமாரியாவும் இரண்டு அணிப் பட்டியலிலும் இருந்தார். இரண்டு இறுதியாட்டங்களிலும் களத்தில் ஆடியவர் என்று சொன்னால்தான் மொன்டி ஒருவர்.

அவருடைய மதிப்பு தெரிய வேண்டுமானால் அவர் இல்லாத ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். 14 நவம்பர் 1934, லண்டன் ஹைபரி மைதானம், இங்கிலாந்துக்கு எதிராக இத்தாலி. இங்கிலாந்து அணியில் ஏழு பேர் ஆர்சனல்காரர்கள். தொடங்கிய சில நிமிடங்களில் டெட் டிரேக்குடன் மோதியதில் மொன்டியின் பாத எலும்பு முறிந்தது. மாற்று ஆள் இறக்க அப்போது விதி இல்லை. நான்கு ஆண்டுக்கு முன் மான்டேவீடியோவில் பிரான்ஸின் லூசியன் லோரான் நொண்டிக்கொண்டு ஆடியதும் அந்த விதி இல்லாததால்தான், அன்று அவரைச் சாய்த்தவர் மொன்டி. ஹைபரியில் நடுக்களம் திறந்து கிடக்க, 12 நிமிடத்துக்குள் 3-0: புரூக் இரண்டு, டிரேக் ஒன்று. புரூக் ஒரு பெனால்டியை வேறு வீணடித்திருந்தார், இல்லையென்றால் நான்கு. பிறகு இத்தாலியின் பத்துப் பேரும் சுதாரித்துக்கொண்டு மோதலும் உதையுமாக ஆடினார்கள். இரண்டாம் பாதியில் மியாட்சா இரண்டு கோல் அடித்தார். 3-2இல் ஆட்டம் முடிந்தது.