வாசகர் கேள்வி – பதில்: வெள்ளைக் கூடத்தில் விழுந்த தொப்பி

கேள்வி: 'எல் வெர்துகோ' என்ற ஸ்பானியப் படத்தின் பெயரைத் தமிழில் 'தூக்கிலிடுபவர்' என்று எழுதலாமா?

பதில்: எழுதினால் பொருள் பிசகிவிடும். லூயிஸ் கார்சியா பெர்லாங்கா 1963இல் இயக்கிய இந்தப் படத்தில் தூக்குக் கயிற்றுக்கே இடமில்லை. அன்றைய ஸ்பெயினில் மரண தண்டனைக் கைதியை ஒரு கம்பத்தோடு சேர்த்து உட்காரவைத்து, கழுத்தில் இரும்புப் பட்டையை மாட்டி, பின்புறத் திருகை முறுக்கிக் கொன்றார்கள். 'கரோட்டே' என்பது அந்தக் கருவியின் பெயர். போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்து ஈழத் தமிழில் நிலைத்துவிட்ட 'அலுகோசு' என்ற சொல், தண்டனையை நிறைவேற்றும் அரசு ஊழியரைக் குறிப்பது. என்னைக் கேட்டால் அதையே படத்தின் பெயராக வைப்பேன்.

கேள்வி: ஒருவன் இன்னொருவனைக் கொல்லப் போகும் கதையில் என்ன நகைச்சுவை இருக்கிறது? பல இடங்களில் சிரித்துவிட்டு, பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது.

பதில்: அந்தக் கூச்சத்தை உங்களுக்குள் எழுப்புவதற்காகத்தான் பெர்லாங்காவும், அவருடன் திரைக்கதை எழுதிய ரஃபாயெல் அஸ்கோனாவும் அவ்வளவு உழைத்திருக்கிறார்கள். சவ அடக்க நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஹோஸே லூயிஸ் கொடியவன் அல்லன். பிணத்தோடு புழங்குகிறான் என்பதால் அவனுக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை. அலுகோசின் மகள் என்பதால் கார்மெனை யாரும் கட்டிக்கொள்ள முன்வருவதில்லை. அவளுடைய அப்பாவான அலுகோசு, கிழவர் அமாதேயோ, தம் கருவிகள் அடங்கிய பையை அமரர் ஊர்தியில் மறந்து வைத்துவிட்டுப் போக, அதைத் திருப்பிக் கொடுக்கச் சென்ற இடத்தில் தொடங்கும் உறவு கல்யாணத்தில் முடிகிறது. கிழவருக்கோ ஓய்வுபெறும் வயது நெருங்கிவிட்டது. அரசு ஊழியருக்கான அடுக்ககத்து வீடு கைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டுமானால் மருமகன் அந்த வேலையை ஏற்றாக வேண்டும். கையெழுத்துப் போட்டால் போதும், யாரையும் கொல்ல வேண்டி வராது, வந்தால் அப்போது ராஜினாமா செய்துகொள்ளலாம் என்று ஆளாளுக்குத் தேறுதல் சொல்கிறார்கள். வீடு, மனைவி, குழந்தை என்று நாமெல்லோரும் ஆசைப்படும் நியாயமான பொருள்களே அவனைப் படிப்படியாக அந்த நாற்காலிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துகின்றன. நாம் அவன்மீது கோபப்பட முடியாமல் சிரிப்பதும், சிரித்தபின் வெட்கப்படுவதும் இதனால்தான்.

மயோர்க்கா தீவுச் சிறையில் நடக்கும் அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். சுண்ணாம்பு அடித்த, ஒரு சாமானும் இல்லாத மிகப் பெரிய கூடம். கோடியில் சிறிய கரிய வாசல். சாகப் போகிறவனைச் சூழ்ந்து ஒரு கூட்டம் முன்னே செல்ல, கொல்ல வேண்டியவனைக் கைத்தாங்கலாக இழுத்துக்கொண்டு இன்னொரு கூட்டம் பின்னே வருகிறது. கேமரா எட்டவே நிற்கிறது. ஹோஸே லூயிஸின் தொப்பி கீழே விழுகிறது. ஒருவர் திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். கொலைக்களத்தின் வாசலிலும் தொப்பியைத் தவறவிடக் கூடாது என்று கவலைப்படும் அந்தப் பொறுப்புணர்வு என்னைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை.

கேள்வி: ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் இப்படி ஒரு படத்தை எப்படி அனுமதித்தார்கள்?

பதில்: கதைச் சுருக்கமாகப் படித்தால், மாமனாரின் வேலைக்கு மருமகன் வரும் குடும்பக் கதையாகத்தான் இது தெரியும். ஆயினும் தணிக்கை அதிகாரிகள் சும்மா விட்டுவிடவில்லை. பைக்குள் இரும்புத் துண்டுகள் உராயும் ஓசையைக்கூட நீக்கச் சொன்னார்கள். 1963 ஆகஸ்ட் 17 அன்று ஃபிரான்சிஸ்கோ கிரனாதோ, ஹோவாகின் தெல்காதோ என்ற இரண்டு அராஜகவாதிகள் (அரசு என்பதே கூடாது என்ற கொள்கையினர்) ஸ்பெயினின் தலைநகர் மத்ரீதில் கரோட்டேயால் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த ஆறாத வேளையில்தான் படம் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, சர்வதேச விமர்சகர்களின் விருதைப் பெற்றது. ரோமில் இருந்த ஸ்பானியத் தூதர் சான்செஸ் பேயா, இது ஸ்பெயினை அவதூறு செய்யும் படம் என்று அரசுக்குக் கடிதம் எழுதினார். கரோட்டே அதற்குப் பிறகும் 1974 வரை பயன்பாட்டில் இருந்தது.

கேள்வி: பழைய படங்களைப் புதுப்பித்து வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியனின் ப்ளூ ரே வட்டை வாங்கினேன். நாயகனின் உதட்டசைவும் வசனமும் ஒட்டவில்லை. வட்டில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, கவலை வேண்டாம். இது ஸ்பெயினும் இத்தாலியும் சேர்ந்து தயாரித்த படம். நாயகன் நீனோ மன்ஃப்ரேதி இத்தாலியர். அவருக்கு ஸ்பானிய மொழியில் வேறொருவர் குரல் கொடுத்திருக்கிறார்.

2016 அக்டோபரில் ப்ளூ ரே, டிவிடி இரண்டிலும் வெளியான இந்தப் பதிப்புக்காகப் படத்தை மிக நுணுக்கமான 4கே தரத்தில் புதுப்பித்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பெர்லாங்கா ஒரே ஷாட்டில் ஏழெட்டுப் பேரை நிறுத்தி, எல்லோரையும் ஒரே நேரத்தில் பேசவைப்பவர். படம் மங்கினால் பின்வரிசையில் இருப்பவரின் முகமும், அதோடு பாதி நகைச்சுவையும் போய்விடும். கூடுதல் பகுதிகளில் ஸ்பானிய இயக்குநர் பெத்ரோ அல்மோதோவாரின் பேட்டியும், பெர்லாங்காவைப் பற்றிய ஒரு படமும் உள்ளன. ஆனால் படத்தைப் பார்க்கும் முன் அவற்றைத் தொடாதீர்கள். முடிவைத் தெரிந்துகொண்டு பார்ப்பது பெரிய இழப்பு.

வாங்க எண்ணும் மற்றவர்களுக்கு ஒரு சொல்: இது அமெரிக்கப் பதிப்பு; ப்ளூ ரே வட்டுகளை உலகப் பகுதிவாரியாகப் பிரித்திருக்கும் முறையில் 'ஏ' மண்டலத்துக்கு உரியது. உங்கள் பிளேயர் அதை ஏற்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒருசேரப் பேசும் காட்சிகளில் திரையின் கீழே ஓடும் வசன வரிகளால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஆகவே ஒருமுறை வரிகளைப் படித்துவிட்டு, அதே காட்சியைப் பின்னால் தள்ளி, வரிகளை அணைத்துவிட்டு முகங்களை மட்டும் பாருங்கள். இன்னும் கட்டி முடியாத வீட்டில், எழும்பாத சுவர்களுக்கு நடுவே குடும்பம் அறைகளைப் பங்குபோடும் காட்சியிலிருந்து தொடங்கலாம்.