சுவரோரத் துகள்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செங்குத்துக் குழாயில் காற்றோடு போகும் 5 மைக்ரான் எண்ணெய்த் துளிகளில் எவ்வளவு சுவரில் படிகிறது என்று கணக்கிடுகிறேன். கொந்தளிப்பைச் சராசரியாகக் கணக்கிடும் கே-எப்சிலான் மாடலும், துகளுக்குத் தற்செயலான அசைவுகளைக் கொடுக்கும், மென்பொருளோடு வரும் ‘ராண்டம் வாக்’ துகள் மாடலும்தான் பயன்படுத்துகிறேன். விடை, சோதனை அளவைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. துகள்களைப் பத்து மடங்காக்கியும் மாறவில்லையே? (ஆராய்ச்சி மாணவர்)

பதில்: மாறாது. துகள்களைக் கூட்டினால் வரைகோட்டின் நடுக்கம்தான் குறையும். உங்கள் பிழை துளியில் இல்லை, சுவரை ஒட்டிய காற்றில் இருக்கிறது.

முதலில் துளியின் தளர்வு நேரம், அதாவது காற்றின் வேகமாற்றத்துக்குத் துளி ஈடுகொடுக்க எடுக்கும் நேரம்: அடர்த்தி × விட்டத்தின் வர்க்கம் ÷ (18 × காற்றின் பாகுத்தன்மை). எண்ணெய்க்கு 920 கிலோ/கனமீட்டர் என்று போட்டால் சுமார் 0.00007 நொடி. உராய்வு வேகம் (சுவர் உராய்வை வேகமாகச் சொல்லும் அளவு) நொடிக்கு 0.5 மீட்டர் என்றால், சுவர் அலகில் (அந்த வேகத்தையும் காற்றின் பாகுத்தன்மையையும் வைத்து அமைக்கும் அளவுகோல்) ஸ்டோக்ஸ் எண், அதாவது துளியின் நிலைமத்தைக் காட்டும் எண், ஏறத்தாழ 1.2. இது 20-ஐத் தொடும்வரை படிவு வேகம் அந்த எண்ணின் வர்க்கமாக, அதாவது விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும். விட்டத்தை 10 சதவீதம் கூட்டி அளந்துவிட்டால் படிவு 46 சதவீதம் கூடிவிடும். ஆகவே துளி அளவை ஒருமுறை சரிபாருங்கள்.

இனி காற்று. ராண்டம் வாக், கொந்தளிப்பு ஆற்றலை மூன்று திசைக்கும் சமமாகப் பங்கு போடுகிறது. நிஜத்தில் ஓட்டத் திசையிலான அசைவு சுவரிலிருந்து தூரத்துக்கு நேர்விகிதத்தில் வளர, சுவரை நோக்கிய அசைவு தூரத்தின் வர்க்கமாகத்தான் வளரும். 5 சுவர் அலகில் முன்னதில் பின்னது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மாடலோ இல்லாத அசைவைக் கொடுத்துத் துளியைச் சுவரில் மோத விடுகிறது. துளி சிறிதாகச் சிறிதாக இந்தப் பிழை பெரிதாகும்.

சரிசெய்ய, சுவரோர ஓட்டத்தைக் கணக்கிடாமல் சூத்திரத்தால் நிரப்பும் வால் ஃபங்ஷனைக் கைவிடுங்கள். உங்கள் சுவர் அலகு 0.03 மில்லிமீட்டர், கணக்கீட்டு வலையில் சுவரை ஒட்டிய முதல் கட்டத்தின் மையம் அதற்குள் வரவேண்டும். பிறகு, சுவரிலிருந்து 30 அலகுவரை சுவர்த் திசை அசைவை மட்டும் டி.என்.எஸ். (மாடல் இல்லாமல் கொந்தளிப்பை நேரடியாகக் கணக்கிடும் முறை) தரவுக்கு ஏற்பத் தணியுங்கள். 1987-இல் கிம், மொயின், மோசர் வெளியிட்ட கால்வாய் ஓட்டத் தரவு இதற்குப் போதும்.

அதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிலைமமே இல்லாத அளவு நுண்ணிய துகள்களைச் சீராகத் தூவி, சுவரில் ஒட்டாமல் திரும்பும்படி வைத்து ஓட விடுங்கள். அவை சீராகவே இருக்க வேண்டும். சுவரோரம் குவிந்தால் மாடலில் நகர்வுத் திருத்தம் (இந்தப் பொய்க் குவிவைத் தடுக்கும் திருத்தம்) இல்லை என்று பொருள். அதைச் சேர்க்காமல் மற்றதைத் தொட்டுப் பயனில்லை. ஒப்பிட 1974-இல் லியுவும் அகர்வாலும் 1.27 செ.மீ. கண்ணாடிக் குழாயில் ஆலிவ் எண்ணெய்த் துளிகளை வைத்து எடுத்த அளவுகள் உங்கள் நிலைக்கு நேராகப் பொருந்தும்.

கேள்வி: டி.என்.எஸ்.-இல் ஸ்டோக்ஸ் எண் 25 உள்ள துகள்கள் சுவரோரம் குவிந்துகொண்டே போகின்றன. நிரலில் பிழையா? (பொறியாளர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. கொந்தளிப்பு அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நிலைமத் துகள்கள் நகரும். இதற்கு டர்போஃபோரெசிஸ் என்று பெயர். 25-ஐ ஒட்டித்தான் அது உச்சம். குவிந்தவை மெதுவாக ஓடும் நீளப் பட்டைகளில் போய்ச் சேரும். நிலைபெற 10,000 சுவர் நேர அலகுக்கு மேலும் ஆகலாம், சராசரி எடுக்க அவசரப்படாதீர்கள். வேகத்தை நேர்கோட்டு இடைச்செருகலால் எடுத்தால் நுண்ணசைவுகள் மழுங்கிக் குவிவு மாறும். உயர்வரிசை முறை போடுங்கள். காற்றின்மேல் துகளின் எதிர்வினையை விட்டுவிடலாமா என்பதைக் குழாயின் சராசரிக் கன அளவுப் பங்கை வைத்து முடிவு செய்யக்கூடாது. சுவரோரத்தில் அது நூறு மடங்கைத் தாண்டலாம்.

கேள்வி: முதல் கணக்கையே கிடைமட்டக் குழாய்க்கும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. அந்த 5 மைக்ரான் துளி புவியீர்ப்பால் நொடிக்கு 0.7 மில்லிமீட்டர் இறங்கும். கொந்தளிப்பால் வரும் படிவு வேகமோ 0.3 மில்லிமீட்டர் அளவுதான். அடிப்பக்கத்தில் எடையே முந்திக்கொள்ளும். மேல்பக்கம் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும்.